கூட வருகிறவர்களின் விசா

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நான் கடைசியாக ஏறியது 2009-ல். அன்றைக்குப் பேச வரவில்லை, மைக் ஒயரைச் சரிபண்ண வந்தேன். இன்றைக்குப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சங்கச் செயலாளர் போன் செய்து, "ஏதாவது டெக்னிக்கலா ஒரு இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். "டெக்னிக்கலா பேச அங்கே என்னைவிடப் பெரியவங்க இருக்காங்க சார், நான் விசா பத்திப் பேசறேனே" என்றேன். "அதுக்குத்தான் தெருவுக்குத் தெரு கன்சல்டன்சி இருக்கே?" என்றார். "என் விசா பத்தி இல்லே சார், என் மனைவி, பொண்ணு விசா பத்தி" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அது ஒண்ணும் யாரும் பேசலே, பேசு" என்றார்.

யாரும் பேசுவதில்லை என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயமே. நம் கல்லூரியிலிருந்து அமெரிக்கா போகிற ஒவ்வொருவனும் தன் விசாவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதுகிற அளவுக்குத் தெரிந்துவைத்திருக்கிறான். கூட வருகிறவர்களின் விசா பற்றி இரண்டு வரிகூடத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அதற்கு நாங்கள் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறேன்.

ஒரே பக்கம் பிடித்த பீம்

1990-ல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியேற்றச் சட்டத்தில்தான் எச்-1பி என்ற பிரிவு உருவானது. இன்றைக்கு வருடத்துக்கு 65,000 என்று உச்சவரம்பு; அங்கேயே முதுகலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. ஒரு தடவைக்கு அதிகபட்சம் மூன்று வருடம், பொதுவாக மொத்தம் ஆறு வருடம். இதெல்லாம் இங்கே இறுதியாண்டு படிக்கிற பிள்ளைகளுக்கு மனப்பாடம். எச்-4 என்றால் என்ன என்று கேட்டால்தான், "டிபன்டன்ட் விசா சார்" என்பதோடு நின்றுவிடும்.

எச்-4-ல் யார் வரலாம்? கணவன் அல்லது மனைவி. 21 வயது ஆகாத, கல்யாணமாகாத பிள்ளைகள். அவ்வளவுதான். அப்பா அம்மா இதில் கிடையாது. நாம் எவ்வளவுதான் அவர்களைத் தாங்கினாலும், அந்தச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் 'சார்ந்தவர்கள்' இல்லை. சுற்றுலா விசாவில் வந்து, கொடுத்த காலம் முடிந்ததும் திரும்ப வேண்டியதுதான். மகனோ மகளோ அமெரிக்கக் குடிமகன் ஆன பிறகுதான் பெற்றோருக்கு நிரந்தர வாசத்துக்கு மனுப் போட முடியும். கிரீன் கார்டு மட்டும் கையில் இருந்தால் அதுவும் முடியாது. கீழே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இதைக் கேட்டு வருத்தப்பட வேண்டாம். ஆனால் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எச்-4-ல் இருப்பவர் படிக்கலாம். வங்கிக் கணக்கு தொடங்கலாம். வேலை பார்க்கக் கூடாது, தனியாக அனுமதி வாங்கினாலொழிய. எச்-1பி எந்தத் தேதி வரையோ அந்தத் தேதி வரைதான் எச்-4. அதற்குமேல் ஒரு நாள்கூட நீளாது. ஆனால் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடலாம். இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாமாண்டு மெக்கானிக்ஸில் கான்டிலீவர் பீம் படித்தோம் இல்லையா? ஒரு முனை சுவரில் இறுகப் பதிந்திருக்கும், மறுமுனை அந்தரத்தில் நிற்கும். சுவர் உறுதியாக இருக்கிற வரைக்கும் அதன்மேல் பால்கனி கட்டிப் பூந்தொட்டி வைக்கலாம். சுவர் ஆடினால் முதலில் விழுவது பால்கனிதான். எச்-4 அப்படிப்பட்ட பால்கனி.

சுவர் எப்போதெல்லாம் ஆடும்? வேலை போனால் ஆடும். 2017 ஜனவரியில் வந்த விதிப்படி, வேலை போனவருக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் 60 நாள் வரை அவகாசம் உண்டு. ஐ-94 தேதி அதற்கு முன்னால் வந்தால் அதுவரைக்கும்தான். அதற்குள் வேறு நிறுவனம் மனுப் போட வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற வேண்டும், அல்லது ஊருக்குக் கிளம்ப வேண்டும். விவாகரத்து ஆனால் எச்-4 அன்றோடு முடிந்தது. பிள்ளைக்கு 21 ஆனால் முடிந்தது.

எச்-1பி-யில் இருப்பவர் இறந்துபோனாலும் முடிந்தது. இதைச் சொல்ல வாய் வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 2017 பிப்ரவரி 22-ம் தேதி, கன்சாஸ் மாநிலம் ஒலேத்தேயில் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லா என்ற இன்ஜினியர் இனவெறியனால் சுட்டுக் கொல்லப்பட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. ஆனால் பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. கணவரின் விசாவைச் சார்ந்திருந்த அவர் மனைவி, கணவரை இழந்த அதே நாளில் அந்த நாட்டில் வாழும் உரிமையையும் இழந்தார். அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் கெவின் யோடர் தலையிட்டு உதவிய பிறகுதான் அவர் அங்கே தங்கி வேலை பார்க்க வழி பிறந்தது. எல்லாருக்கும் ஒரு எம்.பி. கிடைப்பாரா?

எங்கள் வீட்டில் நடந்தது

இப்போது என் கதை. இதில் தப்புப் பண்ணியவன் நான்தான், வேறு யாரும் இல்லை.

2015 அக்டோபரில் நானும் மனைவியும் போனோம். அவரும் பி.ஈ. படித்தவர், இங்கே மூன்று வருடம் வேலை பார்த்தவர். அங்கே போய் எச்-4-ல் வீட்டில் உட்கார்ந்தார். 2017-ல் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தார். நம்ம ஊர் வழக்கம். பெண் குழந்தை. அந்த வருடம் அக்டோபரில் குழந்தைக்கு பாஸ்போர்ட் எடுத்தோம். சின்னப் பிள்ளைகளுக்கு நம் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான். குழந்தைக்கும் எச்-4 வாங்கிக்கொண்டு திரும்பிப் போனோம்.

2022 ஜூனில் எல்லாருமாக ஊருக்கு வந்தோம். சென்னையில் ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் இருக்கிற தூதரகத்தில் மூன்று பேருக்கும் புது விசா குத்தி வாங்கினோம். மூன்று விசாவிலும் 2024 செப்டம்பர் என்று தேதி. சந்தோஷமாகத் திரும்பினோம்.

இங்கேதான் ஒரு சூட்சுமம். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கிற விசா, கதவைத் தட்டுவதற்கான அனுமதி மட்டுமே. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது ஐ-94 என்ற பதிவு. விமான நிலையத்தில் அதிகாரி அதைப் போடுகிறார். முன்னெல்லாம் ஒரு வெள்ளை அட்டையைப் பாஸ்போர்ட்டில் பின் அடித்துத் தருவார்கள், கண்ணில் படும். 2013 முதல் விமானத்தில் வருகிறவர்களுக்கு அது கணினிப் பதிவாகிவிட்டது. நாமாக இணையத்தில் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

நான் என்னுடையதை மட்டும் பார்த்தேன். 2024 செப்டம்பர் என்று இருந்தது. மூடிவிட்டேன்.

என் மகளின் ஐ-94-ல் 2022 அக்டோபர் என்று இருந்தது. ஏனென்றால் அவளுடைய பாஸ்போர்ட் அக்டோபரோடு முடிகிறது. பாஸ்போர்ட் முடிகிற தேதியைத் தாண்டி அனுமதி தராமல், அதோடு வெட்டிவிடுவது அங்கே வழக்கம். அதிகாரி மேல் குற்றமில்லை. அவர் விதிப்படி செய்தார். பார்க்காதது நான்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? நாங்கள் பாஸ்போர்ட்டை மறக்கவில்லை. செப்டம்பரிலேயே விண்ணப்பித்து, புது பாஸ்போர்ட்டும் வாங்கிவிட்டோம். "அப்பாடா, ஒரு வேலை முடிஞ்சுது" என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம். பாஸ்போர்ட் புதுசானால் ஐ-94 தானாக நீளாது என்பது எங்களுக்குத் தெரியாது. அந்தத் தேதிக்கு முன்னால் ஐ-539 என்ற படிவத்தில் நீட்டிப்புக் கேட்டிருக்க வேண்டும். அல்லது புது பாஸ்போர்ட்டோடு ஒரு தடவை நாட்டை விட்டு வெளியே போய் மறுபடி நுழைந்திருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை.

2023 பிப்ரவரியில் நான் வேலை மாறும்போது புது நிறுவனத்தின் வக்கீல் எல்லாருடைய ஐ-94-ஐயும் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மறுநாள் காலை அவரே போன் பண்ணினார். "உங்கள் மகள் நாலு மாதமாக ஸ்டேட்டஸ் இல்லாமல் இருக்கிறாள், தெரியுமா?" என்றார். அவள் அப்போது ஒண்ணாங் கிளாசுக்குப் போக ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஆறுதல், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சட்டவிரோதமாகத் தங்கிய நாள் கணக்கு ஏறாது. பெரியவர்களுக்கு அது ஏறும். 180 நாளுக்கு மேல் அப்படி இருந்துவிட்டு வெளியே போனால் மூன்று வருடமும், ஒரு வருடம் இருந்துவிட்டுப் போனால் பத்து வருடமும் உள்ளே நுழையத் தடை. அதே பிழை என் மனைவியின் ஐ-94-ல் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

ஆனாலும் மகளின் நிலை போனது போனதுதான். காலம் கடந்தபின் நீட்டிப்புக் கேட்டால், நம் கைமீறிய காரணம் ஏதாவது இருந்தால்தான் மன்னிப்பார்கள். "பார்க்கலே" என்பது காரணம் ஆகுமா? தேதி தாண்டித் தங்கினால் பழைய விசாவும் செல்லாது. சொந்த நாட்டுக்கு வந்து புது விசா வாங்க வேண்டும். வக்கீல் அதைத்தான் சொன்னார்.

ஐந்து வயதுக் குழந்தை தனியாக வருமா? என் மனைவி கூட்டிக்கொண்டு வந்தார். ஆறு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, 2021 கடைசியில்தான் வேலை அனுமதி கிடைத்து ஒரு சின்ன நிறுவனத்தில் டெஸ்டராகச் சேர்ந்திருந்தார். இரண்டு வாரம் லீவு கேட்டார், கொடுத்தார்கள். நேர்காணல் தேதி கிடைத்து, விசா வந்து, திரும்ப மூன்று மாதம் ஆனது. அதுவரை அவர்களால் காத்திருக்க முடியவில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது. வேலை போயிற்று.

என் மனைவி என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டார்: "உங்களோடதைப் பார்த்தப்போ, அதே பக்கத்துல எங்களோடதையும் பார்க்க எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்?" மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

வேலை அனுமதியின் கதை

எச்-4-ல் இருப்பவர் வேலை பார்க்க ஈ.ஏ.டி. என்ற அட்டை வேண்டும். 2015 மே 26-க்கு முன்னால் அது எச்-4-க்குக் கிடையவே கிடையாது. அதற்கு முன்னால் போன நம் சீனியர் அண்ணன்மார் வீடுகளில் எத்தனை டாக்டர்கள், இன்ஜினியர்கள், எம்.எஸ்சி.-க்கள் வருடக்கணக்காகச் சும்மா இருந்தார்கள் என்று அண்ணிமார்களைக் கேட்டுப் பாருங்கள்.

இப்போதும் எல்லாருக்கும் கிடைக்காது. எச்-1பி-யில் இருப்பவருக்கு ஐ-140 என்ற குடியேற்ற மனு அங்கீகாரமாகியிருக்க வேண்டும். அல்லது ஆறு வருடத்தைத் தாண்டி, கிரீன் கார்டு வேலை நடந்துகொண்டிருப்பதால் கிடைத்த நீட்டிப்பில் இருக்க வேண்டும். ஆக, நிறுவனம் கிரீன் கார்டுக்கு எப்போது மனுப் போடுகிறது என்பதுதான் உங்கள் மனைவி அல்லது கணவர் எப்போது வேலைக்குப் போகலாம் என்பதையும் தீர்மானிக்கிறது. என் நிறுவனம் "அடுத்த வருஷம், அடுத்த வருஷம்" என்றது. நானும் கூச்சப்பட்டுக் கேட்காமல் இருந்தேன். ஐ-140 ஆனது 2020-ல். அந்தக் கூச்சம் என் மனைவியின் ஐந்து வருடத்தைச் சாப்பிட்டது. ஆஃபர் லெட்டர் வாங்கும்போதே இதைக் கேளுங்கள். சம்பளம் கேட்க வெட்கப்படுகிறோமா?

இந்த விதியை எதிர்த்து 2015-லேயே வழக்குப் போட்டார்கள். 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுக்க மறுத்தது. பத்து வருடம் தலைக்கு மேல் தொங்கிய கத்தி அது.

ஆனால் அதே 2025 அக்டோபரில் வேறொன்றும் நடந்தது. அதுவரை, புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டால், தகுதியுள்ளவர்கள் பழைய அட்டையை வைத்தே குறிப்பிட்ட காலம் வேலையைத் தொடரலாம். அக்டோபர் 30 முதல் போட்ட விண்ணப்பங்களுக்கு அந்தத் தானியங்கி நீட்டிப்பு இல்லை. அட்டை முடிந்த அன்றைக்குப் புது அட்டை கையில் இல்லாவிட்டால் வேலையை நிறுத்த வேண்டும்.

இன்னொரு சிக்கல். எச்-1பி நீட்டிப்பை நிறுவனம் போடுகிறது. கூடுதல் கட்டணம் கட்டினால் பதினைந்து வேலை நாளில் பதில் வரும். எச்-4 நீட்டிப்பை நிறுவனம் போட வேண்டிய கடமையே இல்லை. அது குடும்பத்தாரின் சொந்த விண்ணப்பம். அதற்கு அந்த அவசர வழியும் கிடையாது. ஒரு வழக்கின் சமரசத்தால் 2023 ஜனவரி முதல் இரண்டு வருடம், சேர்த்துக் கொடுத்த விண்ணப்பங்களைச் சேர்த்தே முடித்துத் தந்தார்கள். அந்த ஒப்பந்தம் 2025 ஜனவரியோடு முடிந்தது. கணவனுக்கு இரண்டு வாரத்தில் வரும் காகிதம் மனைவிக்கு மாதக்கணக்கில் வராமல் இருக்கலாம். எச்-4 நீளாமல் ஈ.ஏ.டி. நீளாது. மூன்று காகிதம், ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகிறது.

நல்ல செய்தி ஒன்றும் சொல்லிவிடுகிறேன். எச்-4-ல் கழித்த வருடங்கள் எச்-1பி-யின் ஆறு வருடக் கணக்கில் சேராது. ஆகவே உங்கள் மனைவி பின்னால் தன் பெயரிலேயே எச்-1பி வாங்கினால், அவருக்குப் புதிதாக ஆறு வருடம் உண்டு.

வரிசையும் வயதும்

நிரந்தர வாசம், அதாவது கிரீன் கார்டு, வேலை வழியாக வருடத்துக்குச் சுமார் 1,40,000. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு. கேட்கிறவர்கள் பலரும் கவனிக்காத விஷயம், இந்த எண்ணிக்கையில் மனைவி, பிள்ளைகளும் சேர்த்தி. நாலு பேர் உள்ள குடும்பம் என்றால் நாலு கார்டு கழியும். வரிசை நீள இதுவும் ஒரு காரணம்.

2025 டிசம்பரில் வெளியான பட்டியலில், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஈ.பி.-2, ஈ.பி.-3 இரண்டு பிரிவிலும் 2013-ல் விண்ணப்பித்தவர்களுக்குத்தான் முறை வந்திருந்தது. என் தேதி 2018. ஐந்து வருடம்தானே பாக்கி என்று கணக்குப் போடாதீர்கள். அந்தத் தேதி வருடத்துக்கு ஒரு வருடம் என்று நகராது. சில சமயம் பின்னாலும் போகும். 2000-ம் ஆண்டுச் சட்டத்தால், ஐ-140 அங்கீகாரமாகி முறை வராமல் காத்திருப்பவர்களுக்கு எச்-1பி மூன்று மூன்று வருடமாக நீள்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் எச்-4-ம் நீள்கிறது.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் பிடித்த ஒரு விஷயம். வரிசையில் பார்ப்பது குடியுரிமையை அல்ல, பிறந்த நாட்டை. கணவன் மனைவி இருவரில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால், இருவருமே அந்த நாட்டின் வரிசையில் நிற்கலாம். நம்மில் எத்தனை பேர் வீட்டில் அப்பா வேலை பார்த்த துபாயிலோ குவைத்திலோ பிறந்த மருமகள் இருக்கிறார்! கொழும்பில், சிங்கப்பூரில் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இந்திய பாஸ்போர்ட் இருந்தாலும் பரவாயில்லை. ஜாதகத்தில் பிறந்த ஊரை நேரம் குறிக்க மட்டும் பார்க்காதீர்கள். ஆனால் பிள்ளை பிறந்த நாட்டைக் காட்டிப் பெற்றோர் வரிசை மாற முடியாது; அது கீழ்நோக்கி மட்டும்தான் வேலை செய்யும்.

பிள்ளைகள் விஷயம்தான் மிகவும் வலிக்கிறது. மூன்று வயதில் தூக்கிக்கொண்டு போன குழந்தை, அங்கேயே பள்ளி, அங்கேயே கல்லூரி. முறை வருவதற்குள் 21 ஆகிவிட்டால் வரிசையிலிருந்து இறக்கிவிடுவார்கள். மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், அல்லது தனக்குத் தெரியாத தாய்நாட்டுக்கு வர வேண்டும். 2002-ல் வந்த குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கிறது. முறை வந்த நாளில் பிள்ளையின் வயதிலிருந்து, ஐ-140 மனு பரிசீலனையில் இருந்த நாட்களைக் கழிப்பார்கள். 21 வருடம் 8 மாதம் ஆன பிள்ளை. மனு 10 மாதம் நிலுவையில் இருந்தது. அப்படியென்றால் வயது 20 வருடம் 10 மாதம். தப்பித்தது. முறை வந்த ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அவசரக் கட்டணம் கட்டி இரண்டு வாரத்தில் ஐ-140 வாங்கியவர்களுக்குக் கழிக்க இரண்டு வாரம்தான் இருக்கும்.

முறை வந்ததாக எந்தத் தேதியை எடுப்பது என்பதிலும் துறை இரண்டு தடவை மாற்றிவிட்டது. 2023 பிப்ரவரியில் தாராளமான பட்டியலை எடுத்தார்கள்; 2025 ஆகஸ்ட் 15 முதல் பழையபடி கடுமையான பட்டியலுக்கே திரும்பிவிட்டார்கள். ஒரு சுற்றறிக்கையில் ஒரு பிள்ளையின் வயது கூடுகிறது, குறைகிறது!

வீட்டில் செய்ய வேண்டியவை

நிறைய பயமுறுத்திவிட்டேனோ? இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஐந்தே ஐந்துதான்.

1. ஒவ்வொரு தடவை நாட்டுக்குள் நுழைந்த மறுநாளும், குடும்பத்தில் ஒவ்வொருவருடைய ஐ-94-ஐயும் தனித்தனியாக இறக்கி, அச்செடுத்து, தேதியைப் பாருங்கள். கைக்குழந்தை ஆனாலும் சரி.

2. பாஸ்போர்ட்டில் விசா காலத்தைவிடக் குறைவாக நாள் இருந்தால், பயணத்துக்கு முன்னாலேயே புதுப்பித்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு ஐந்து வருடம்தான் என்பதை மறக்காதீர்கள்.

3. நிறுவனம் உங்கள் நீட்டிப்பைப் போடும் அன்றைக்கே, "என் குடும்பத்தாருடையது சேர்ந்து போகிறதா?" என்று எழுத்தில் கேளுங்கள். ஈ.ஏ.டி. புதுப்பிக்க முடிவதற்கு 180 நாள் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம். முதல் நாளே போடுங்கள்.

4. பெயர், பாஸ்போர்ட் முடிவு, ஐ-94 முடிவு, விசா முடிவு, ஈ.ஏ.டி. முடிவு, 21 ஆகும் நாள் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒட்டியிருக்கிறது. அதை எழுதியது என் மனைவி.

5. சந்தேகம் வந்தால் குடியேற்ற வக்கீலைக் கேளுங்கள். ரூம்மேட்டைக் கேட்காதீர்கள். என் பேச்சையும் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

கல்யாணமாகாத தம்பிகளுக்கு, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள் உங்கள் வீட்டில். பதினோராவதாக விசாப் பொருத்தமும் பாருங்கள். "அமெரிக்க மாப்பிள்ளை" என்று சொல்லும்போதே, "வந்தா உனக்கு உடனே வேலை பார்க்க முடியாது, எத்தனை வருஷம் ஆகும்னு தெரியாது, இதுதான் நிலைமை" என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். தெரிந்து வந்தவர் தாங்குவார். தெரியாமல் வந்தவர் ஏமாந்ததாகத்தான் நினைப்பார். நான் சொல்லவில்லை. எனக்கே தெரியாது என்பது ஒரு சமாதானம்தான், பதில் இல்லை.

தங்கைகளே, உங்களுக்குத் தனியாக ஒன்று. எச்-4-ல் போனாலும் உங்கள் காகிதத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நீங்களே படியுங்கள். 'அவர் பார்த்துக்குவார்' என்று விடாதீர்கள். அவர் பார்த்த லட்சணத்தைத்தான் இருபது நிமிடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டிபன்டன்ட் என்ற வார்த்தைக்கு 'சார்ந்திருப்பவர்' என்று அர்த்தம். ஆறு வருடம் சமைத்து, குழந்தை வளர்த்து, அந்தக் குளிரில் எனக்கு ஒரு வீட்டை உண்டாக்கித் தந்தவரை அரசாங்கக் காகிதம் அப்படிச் சொல்கிறது. யார் யாரைச் சார்ந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். என் மகளுக்கு இப்போது மூன்று காகிதத்திலும் தேதி சரியாக இருக்கிறது. என் மனைவி ஒரு வருடம் தேடி மறுபடி வேலைக்குப் போகிறார். அவர்கள் இருவரும் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் எல்லார் முன்னாலும் அவர்களிடம் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மணியடிப்பதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.